வடபுறம் ஐந்தடி

கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன், மேடம்? போடுகிறேன். பேனா சட்டைப் பையில்தான் இருக்கிறது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

காலைத் தூக்கி அந்த ஸ்டூல்மேல் வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஐந்து நாளாக இந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் உட்காருகிறோம். நேற்று ஸ்டூலின் குறுக்குக்கட்டை தெரிந்தது. இன்றைக்குத் தெரியவில்லை. மழை நின்று ஒரு நாள் ஆகிறது, தண்ணீர் ஏறுகிறது. உங்கள் பொறியியல் படிப்பில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும்.

நீங்கள் வாசலில் நின்றபடி சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். இந்த அறையின் முன்சுவரையும், பின்னால் இருக்கும் காம்பவுண்டுச் சுவரையும் உடைத்தால் தெருத் தண்ணீர் நேராக ஓடையில் இறங்கிவிடும். மூன்று மணி நேரம். நான் எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே உடைக்கலாம். கொடுக்காவிட்டால் நோட்டீஸ் ஒட்டி ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மாநகராட்சி ஜேசிபி மெயின் ரோட்டில் நிற்கிறது. சரிதானே?

சரி. புரிந்துதான் பேசுகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்களே, அவர்களைப் பார்க்காதீர்கள். பார்த்தால் இங்கே வந்துவிடுவார்கள். அந்த வெள்ளைத் துண்டுக்காரர் நல்லசாமி, முதல் வீடு, அரிசி மண்டி வைத்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாலு பேரும் தெருப் பையன்கள். நாற்காலி சேவியர் சாருக்கு. இதே தெருதான். ஒரு பக்கம் வராது அவருக்கு, மூன்று வருஷமாகப் படுக்கை. சுவர் உடைந்தால் அவரைத் தூக்க வேண்டாம், உடையாவிட்டால் இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். அந்த வயதான அம்மாள் அவருடைய மனைவி, ஃப்ளோரா டீச்சர். நாற்காலியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்களேன் என்று நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். யாரும் நகரவில்லை.

இந்தத் தெருவுக்கு நான் பதினோரு வருஷமாகச் செயலாளர். போட்டியே கிடையாது. போட்டி போட ஆள் வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். எப்படியோ, இருபத்திரண்டு வீடும் சேர்ந்துதான் கை தூக்கியது. இது பஞ்சாயத்தாக இருந்த காலத்தில் குடிதண்ணீருக்கு நான்தான் அலைந்தேன். விளக்குக் கம்பம் ஒன்பதும் நான் வாங்கியது. மாநகராட்சியோடு சேர்த்தார்கள், நாலு வருஷம் முன்னால். சேர்த்த மறு வருஷம் மழைநீர் வடிகால் திட்டம் வந்தது. உங்கள் பாஷையில் மழைநீர் வடிகால், எங்கள் பாஷையில் சாக்கடை. மக்கள் ஒத்துழைத்தால்தான் வேலை என்றார்கள். ஒத்துழைப்பு என்றால் என்ன? அவரவர் வீட்டு முன்னால் ரோட்டில் ஏறிக் கட்டியதை அவரவர் விட்டுக் கொடுக்க வேண்டும். வண்டி ஏற்றுகிற சறுக்கு, படிக்கட்டு, செடித் தொட்டி, எல்லாம்.

அது லேசான காரியமா? வீட்டுச் சறுக்கில் கை வைத்தால் மனிதன் கழுத்தில் கை வைத்த மாதிரி குதிப்பான். பக்கத்துத் தெருவில் போலீஸ் வந்துதான் உடைத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொரு வீடாக நான் போனேன். சம்மதக் கடிதம் நானே எழுதினேன். 'ரோட்டுக்கும் நீர்வழிக்கும் உரிய இடத்தில் நான் கட்டியிருப்பதை எந்த ஆட்சேபமும் இன்றி அகற்றிக்கொள்ள இதன்மூலம் சம்மதிக்கிறேன்.' இருபத்தொன்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். வாசகத்தில் ஓட்டை இருக்காது. முதல் கையெழுத்து நான் போட்டேன்.

என் வீட்டு முன்னால் உடைக்க ஒன்றுமே இல்லை, மேடம். நீங்களே பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? தெரு முடிகிற இடத்தில் வீடு. தெருக்குத்து மனை என்று யாரும் வாங்கவில்லை. நான் வாங்கினேன். மூடநம்பிக்கை எனக்குக் கிடையாது. முன்பக்கம் ரோட்டில் ஓர் அங்குலம் நான் ஏறியது கிடையாது. அதனால்தான் என்னால் மற்றவர்களிடம் போய்ப் பேச முடிந்தது. நம் கை சுத்தமாக இருந்தால்தானே அடுத்தவன் வீட்டு வாசலில் நிற்க முடியும்?

ஃப்ளோரா டீச்சர் வீட்டில்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. சேவியர் சாருக்குச் சக்கர நாற்காலி. அதற்காக நீளமாக, சரிவாக ஒரு சறுக்கு கட்டியிருந்தார்கள். சாயங்காலம் டீச்சர் அவரைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடி வரை வந்துவிட்டுப் போவார்.

"இது போயிட்டா அவரை எப்பிடி சார் வெளிய கொண்டு வரது?" என்றார்.

"ஊருக்காக, டீச்சர்."

"எப்ப மூடிக் குடுப்பாங்க?"

"ஒரே மாசம்."

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஸ்கூலில் முப்பது வருஷம் பேப்பர் திருத்தின பழக்கம், எதையும் இரண்டு முறை படிப்பார். 'நீர்வழி'க்கு வலி என்று தட்டச்சில் விழுந்திருந்ததைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டுச் சறுக்கைத்தான் முதலில் உடைத்தார்கள்.

குழி எட்டு மாதம் திறந்து கிடந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரு பலகை. கேஸ் சிலிண்டர் பலகையில் வரும், கல்யாணப் பெண் பலகையில் வந்தாள். சேவியர் சார் வரவில்லை. அப்புறம் மூடினார்கள். மூடின சிலாப் டீச்சர் வீட்டு வாசலைவிட ஒண்ணேகால் அடி உயரம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவர் அதற்கப்புறம் வெளியே வரவில்லை. வெயில் படாமல் வெளுத்துப்போனார் என்று சுலோசனா சொல்லுவாள். சுலோசனா என் மனைவி. இப்போது டீ கொண்டு வந்தாளே, அவள்தான். அவர் முதலிலேயே வெளுப்புதான்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

திசைதான் பெரிய சண்டை. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். உங்களுக்கு முன்னால் இருந்த உதவிப் பொறியாளர் தனபாலன், நல்ல மனிதர், கொஞ்சம் பிடிவாதம். தண்ணீர் நிரப்பின குழாயை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லித் தெரு முழுக்க மட்டம் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், தரை உங்க வீட்டுப் பக்கமாத்தான் சாயுது. லேஅவுட்ல உங்க வீட்டுக்கு வடக்க அஞ்சடி நீர்வழின்னு போட்டிருக்கு. அது வழியா ஓடையில விட்டுட்டா வேலை சுலபம்."

"அது பழைய மேப்" என்றேன்.

"மேப் பழசுதான் சார். ஓடையும் பழசுதான்."

சாமர்த்தியமாகப் பேசினால் பொறியாளர் ஆகிவிட முடியுமா? நான் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். மெயின் ரோட்டில் பெரிய வடிகால் இருக்கிறது. இங்கிருந்து ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போய் அதில் சேர்த்துவிடுங்கள். ஓடை என்றால் கொசு, பாம்பு, நாளைக்கு யாராவது கேஸ் போடுவான். மேப்பை இங்கே வைத்துவிட்டுப் போங்கள், சங்க ரெக்கார்டில் பத்திரமாக இருக்கும் என்றேன். பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்த பீரோவில், கீழ்த்தட்டில். கீழ்த்தட்டு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. நீங்கள் வேறு நகல் எடுத்து வந்திருக்கிறீர்கள். உழைப்பாளிதான்.

கூட்டம் போட்டேன். இதே வாசலில், இருபத்திரண்டு வீட்டு ஆட்களும். நல்லசாமி எழுந்தார்.

"செகரட்டரி, தெம்மேக்கால தண்ணிய உடறது ஆகாதுங்க. ஊட்டுல மூத்தவனுக்கு ஆகாது."

"உங்க வீட்ல மூத்தவர் நீங்கதானே? அறுபத்தெட்டு வயசுக்கு மேல இன்னும் என்ன ஆகணும் உங்களுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வாஸ்துப்படி தண்ணி ஈசானியத்துலதானுங்க போகோணும். எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தான்."

"உங்கப்பன் காலத்துல இங்க தெருவே இல்ல நல்லசாமி, சோளக்காடு."

"சோளக்காட்டுலயும் தண்ணி அப்பிடித்தானுங்க போச்சு."

அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். தெம்மேக்கு என்றால் தென்மேற்கு, மெயின் ரோட்டுப் பக்கம். ஈசானியம் என்றால் வடகிழக்கு. வடகிழக்கு என்றால் இந்தச் சுவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது, மேடம். என் சுவருக்காக இல்லை. படித்த ஜனங்கள், வீட்டுக்கு ஒரு இன்ஜினியர், வாஸ்து பார்த்துச் சாக்கடை வெட்டுவதா? இருபது நிமிஷம் பேசினேன். பகுத்தறிவு, விஞ்ஞானம், எல்லாம் பேசினேன். தண்ணீருக்குத் திசை தெரியுமா, சாதி தெரியுமா என்று கேட்டேன். கை தட்டினார்கள். தனபாலன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியவர் அவர்தானே? ஏன் பேசவில்லை? பேசினால் அவரும் வாஸ்துக் கட்சி ஆகிவிடுவார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நல்லசாமிகூடக் கை தூக்கினார். "நீங்க படிச்சவீங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

என் முடிவில் தப்பு இல்லை. வேலையில்தான் தப்பு. மெயின் ரோட்டுப் பெரிய வடிகாலின் அடிமட்டம் மூன்றடி ஆழத்தில்தான் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எங்களுடையது அங்கே போய்ச் சேரும்போது நாலரை அடி ஆழம். சேர்த்துவிட்டார்கள். முதல் மழைக்கு எங்கள் தெருத் தண்ணீர் வெளியே போகவில்லை, ஊர்த் தண்ணீர் உள்ளே வந்தது. மெயின் ரோட்டு ஹோட்டல் தண்ணீர், ஆஸ்பத்திரித் தண்ணீர், எல்லாம் எங்கள் தெருவைத் தேடி வந்தது. இந்த முனையில் வந்து நின்றது. நின்றது என்றால் ஒரேயடியாக நின்றது. போவதற்கு வழி இல்லையே.

தனபாலனைக் கேட்கலாமென்றால் மாற்றலாகிப் போய்விட்டார். போன வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் நின்றது. இந்த வருஷம் இன்றோடு ஐந்து நாள். அவரவர் வாசலில் செங்கல் வைத்து அணை கட்டினார்கள். முதல் வீட்டுக்காரர் அரை அடி கட்டினால் இரண்டாம் வீட்டுக்காரர் முக்கால் அடி. அணை எல்லாம் சேர்ந்து தண்ணீரை இங்கே தள்ளியது. மனிதர்களுக்குச் சுயநலம்.

இப்போது நீங்கள் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். ஆக்கிரமிப்பு என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள், வெளியே கேட்கவில்லை. அதற்கு நன்றி.

தொண்ணூற்றேழில் நான் வீடு கட்டும்போது இந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? கருவேல முள். பன்றி படுத்துக் கிடக்கும். என் பத்திரத்தில் வடக்கெல்லை என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நானே நகல் எழுதினேன். 'வடபுறம் ஐந்தடி பொது நீர்வழி.' ஆனால் பத்திரம் வேறு, தரை வேறு, மேடம். இருபத்தொன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது. பொது என்று எழுதியிருந்தால் யாருடையதும் இல்லை என்று அர்த்தம். யாரும் பார்க்காத இடத்தை ஒருவன் பார்த்துக்கொண்டால் அதற்குப் பெயர் பராமரிப்பு. முள்ளை வெட்டினேன். முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். மேலே தகரம். அப்புறம் தகரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட். பின்பக்கம் துவைக்கிற கல். முன்பக்கம் இந்த அறை.

இந்த அறையை நான் எனக்கென்றா வைத்துக்கொண்டேன்? சங்க அலுவலகம் என்று போர்டு தொங்குகிறதே, பார்த்தீர்களா? பதினோரு வருஷமாகத் தெருவுக்கு வாடகை இல்லாமல் கொடுத்திருக்கிறேன். சம்மதக் கடிதம் இருபத்திரண்டும் இங்கேதான் எழுதினேன். அகலம் ஐந்தடிதான். ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது என்று பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஐந்தடியில் பொது வேலை செய்திருக்கிறேன்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். மற்ற அறைகளுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரும். இந்த அறைக்கு மட்டும் தரையிலிருந்து வரும். தெருவில் தண்ணீர் நிற்பதற்கு முன்னாலேயே இங்கே கசியும். மூன்று முறை தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டேன். கொத்தனார் ஒவ்வொரு தடவையும், "அடியில ஏதோ ஊத்து ஓடுதுங்க" என்பான். ஊற்று எங்கிருந்து வரும்? வேலையில் சோம்பல்.

என்ன சுலோசனா? ஆமாம், பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். டீச்சர் கேட்கிறாரா? ஐந்து நிமிஷம் என்று சொல்லு. முன்னாலேயே ஐந்து நிமிஷம் சொல்லியாகிவிட்டதா? அப்படியென்றால் இன்னொரு ஐந்து நிமிஷம் என்று சொல்லு.

அவளும் ஐந்து நாளாக வீட்டைவிட்டுப் போகவில்லை, மேடம். நானும் போகவில்லை. தண்ணீருக்காக இல்லை, தண்ணீரில் நடக்கலாம். போனால் கேட்பார்கள். "செகரட்டரி, என்ன வழி?" என்பார்கள். பதினோரு வருஷமாகக் கேட்கிற கேள்விதான், ஆனால் இந்த ஐந்து நாளாக அது காதில் விழுந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ராத்திரி மட்டும் மொட்டைமாடிக்குப் போவேன். பின்பக்கம் ஓடை தெரியும். பாதி காலி. இந்தப் பக்கம் இவ்வளவு தண்ணீர், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை பாதி காலி. நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். நான் கட்டின சுவர் நன்றாக நிற்கிறது. சிமென்ட் கலவை அந்தக் காலத்தில் அப்படி.

உடைக்கச் சொல்லிவிடலாம் என்று முதல் நாளே நினைத்தேன். சத்தியமாக. கடப்பாரையைக்கூட எடுத்தேன். ஆனால் உடைத்தால் தண்ணீர் போய்விடும், மேடம். மூன்று மணி நேரத்தில் போய்விடும். அப்புறம் எல்லாரும் வந்து அந்த ஓட்டையைப் பார்ப்பார்கள். இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்பார்கள். எட்டு மாதம் பலகையில் நடந்தோமே என்பார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் கஷ்டம். தண்ணீர் இருக்கும்வரை அது தண்ணீர் விஷயம். தண்ணீர் போய்விட்டால் அது என் விஷயம்.

அதனால் இன்றைக்குக் காலையில் யோசித்தேன், ஒரு வழி கண்டுபிடித்தேன். வழி என்னிடம்தான் இருந்தது. இதோ, படித்துப் பாருங்கள். கை ஈரமாக இருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள்.

'இந்த நகரில் வசிக்கும் கோ. பொன்னுரங்கம் ஆகிய நான், என் அனுபவத்தில் இருபத்தாறு வருடங்களாக இருந்துவரும் வடபுறம் ஐந்தடி இடத்தை, தெருவாசிகளின் நன்மையை முன்னிட்டு, எவருடைய தூண்டுதலும் இன்றி, என் மனப்பூர்வமான சம்மதத்துடன் மாநகராட்சிக்குத் தானமாக வழங்குகிறேன். மேற்படி இடத்தில் உள்ள கட்டடத்தை இன்றே அகற்றிக்கொள்ளலாம். மேற்படி இடத்தில் இந்தத் தானத்தைக் குறிப்பிடும் கல்வெட்டு ஒன்று...'

ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, சிரிக்கவில்லை.

புறம்போக்கைத் தானமாக வாங்க முடியாது என்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் முடியாது. எனக்குத் தெரியாத சட்டமா? ஆனால் 'ஆக்கிரமிப்பை அகற்ற ஒப்புக்கொள்கிறேன்' என்று நான் எழுதினால், அந்தக் காகிதம் உங்கள் ஆபீஸ் ஃபைலில் இருக்கும். ஃபைலை நாலு பேர் பார்ப்பார்கள். நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்வார்கள். இது இப்படிப் போனால் தண்ணீரும் போகும், பேரும் நிற்கும். உங்களுக்கு வேண்டியது சுவர் உடைய வேண்டும். எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைக்காக ஏழு நாள் அந்த மனிதரைத் தண்ணீரில் வைப்பீர்களா? நான் வைக்கவில்லை. நான் எழுதிவிட்டேன். நீங்கள் வாங்கவில்லை என்றால் வைத்தது நீங்கள்.

யோசியுங்கள். அவசரமில்லை.

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள். 'எந்த வார்த்தையை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், இன்றைக்கு உடைக்க விட்டால் போதும்.' அப்படிச் சொல்லுங்கள்! நிர்வாகம் தெரிந்தவர் நீங்கள். தனபாலனுக்கு இந்தப் பக்குவம் இல்லை. கல்வெட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்கிறீர்கள், பேசலாம். நான் அதில் பிடிவாதம் இல்லை. சின்னக் கல் போதும்.

இதோ, போட்டுவிட்டேன். கோ. பொன்னுரங்கம். தேதி.

இரண்டு சாட்சி வேண்டும். தானம் என்று எழுதினால் சாட்சி இல்லாமல் செல்லாது. சுலோசனா! இங்கே வா. கையைத் துடைத்துக்கொண்டு வா. இதில் ஒரு கையெழுத்துப் போடு. இங்கே, 'சாட்சிகள்' என்று இருக்கிறதே, ஒன்று என்று போட்டு. படிக்க வேண்டாம், எல்லாம் மேடம் படித்துவிட்டார்கள். சரி, படி. படித்தால் என்ன? கண்ணாடி எங்கே உனக்கு?

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் நீட்டின எந்தக் காகிதத்தையும் இவள் படித்தது கிடையாது, மேடம். காட்டின இடத்தில் போடுவாள். இன்றைக்குப் படிக்கிறாள். உங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது போல.

என்ன, சுலோசனா? "நான் எதுக்குங்க சாட்சி?" என்று கேட்டால்? இந்தக் காகிதத்துக்குச் சாட்சி. "பாத்ததை எழுதறதுதானே சாட்சி?" சரிதான், பார்த்ததற்குத்தான். நான் கையெழுத்துப் போட்டதை நீ பார்த்தாய் இல்லையா? அதற்கு. போடு.

ஏன் இவ்வளவு நேரம்? உன் பேரை எழுத இவ்வளவு நேரமா? விலாசம் எல்லாம் வேண்டாம்.

கொடு பார்க்கலாம்.

மேடம், இதைப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறாள் பாருங்கள். 'இந்த இடம் வாய்க்காலாக இருந்ததை நான் பார்த்தேன். ஆடி மாதம் இதில் தண்ணீர் போயிற்று. சுவர் வைத்தபோது முதல் செங்கல்லை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பொ. சுலோசனா.'

இருபத்தொன்பது வருஷம், மேடம். எத்தனை ஆயிரம் பத்திரம். ஒரு சாட்சி இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. சாட்சி என்பவர் கையெழுத்துக்குத்தான் சாட்சி. விஷயத்துக்கு இல்லை! இந்த வித்தியாசம் தெரியாத பெண்பிள்ளையிடம் நான் காகிதத்தை நீட்டியது என் தப்பு. கொடு, கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன். பத்து நிமிஷம். வெள்ளைத்தாள் மேல்தட்டில் இருக்கிறது, நனையாதது.

சுலோசனா, காகிதத்தைக் கொடு.

"ரெண்டாவது சாட்சி வேணும்னீங்களே." ஆமாம், சொன்னேன். அதற்கு? அந்த ஜேசிபி டிரைவரைக் கூப்பிடலாம், மேடத்தின் ஆபீஸ் ஆள் யாராவது... டீச்சரா? டீச்சர் எதற்கு? அவர் எதையும் இரண்டு முறை படிக்கிறவர். சுலோசனா, அந்தப் பக்கம் ஆழம். நில். புடவை நனைகிறது பார்.

மேடம், நீங்கள் கூப்பிடுங்கள் அவளை. நீங்கள் சொன்னால் நிற்பாள். சர்க்கார் காகிதம் அது, தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? சொல்லுங்கள். அந்தக் காகிதமே போதும் என்கிறீர்களா? எது போதும்? அவள் எழுதியதோடு சேர்த்தா?

கொடுத்துவிட்டாள்.

டீச்சர் கண்ணாடியைத் துடைக்கிறார். நல்லசாமி பக்கத்தில் வந்துவிட்டார், அவருக்குப் படிக்கத் தெரியாது, டீச்சர் வாயைத்தான் பார்ப்பார். சத்தமாகப் படிக்கிறாரா? உங்களுக்குக் கேட்கிறதா? உதடு அசைகிறது. அந்தப் பையன்கள் நாற்காலியைக் கீழே விட்டுவிட்டார்கள், மிதக்கிறது பாருங்கள்.

திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறார்.

சுலோசனா அங்கேயே நிற்கிறாள். உள்ளே வந்தால் என்ன அவளுக்கு? நான் எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். தானம் என்பது ஒரு சட்டச் சொல், அதை அப்படிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிடலாம். பேசினால் கேட்பார்கள், எப்போதும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வாசல் வழியாகப் போனால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்பக்கம் சுவர்.

டீச்சர் பேனா கேட்கிறார். போடுகிறார். நல்லசாமியின் முதுகில் வைத்துப் போடுகிறார். அவர் குனிந்து கொடுக்கிறார், பாருங்கள்.

எல்லாரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

திட்டட்டும், மேடம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குப் பதில் சொல்லத் தெரியும், பதினோரு வருஷம் சொன்னவன். நல்லசாமி இப்போது ஆரம்பிப்பார், ஈசானியம் என்பார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏன் ஆரம்பிக்கவில்லை? வருகிறார்கள். உள்ளே வருகிறார்கள். பீரோவைப் பிடிக்கிறார்கள், மேடம். சுவரை உடைக்க அறையைக் காலி செய்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இனியும் நனையாமல் தூக்குகிறார்கள். என் நாற்காலியை ஒட்டித்தான் போகிறார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏதாவது சொல்லச் சொல்லுங்கள், மேடம்.